கோவிந்தராஜுலுவின் ஜிமிக்கி முள்

தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு வாக்கில் சூலூர்ப் பெரிய குளத்தில் தூண்டில் போடுகிறவர்களில் இரண்டு கட்சி இருந்தது. முதலாவது மண்புழுக் கட்சி. நான் அதில் சேர்ந்தவன். மண்ணைக் கிளறினால் புழு, புழுவை மாட்டினால் ஜிலேபி மீன், இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டாவது இறகுக் கட்சி. அதில் தலைவர், தொண்டர், கொடி பிடிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான், கோவிந்தராஜுலு.

திருச்சி ரோட்டில் என் சைக்கிள் கடைக்கு அடுத்த கடை அவருடையது. மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற தொழில். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஐம்பதை நெருங்கிய ஆள், ஒடிசலான உடம்பு, கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறியிருக்கும். கண்ணாடியைக் காணோம் என்று கடை முழுக்கத் தேடும்போதும் அது அங்கேதான் இருக்கும். ஒருத்தரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனால் விளங்குமா என்று நான் கேட்டதுண்டு. மீன் தானாக வந்து கடிக்கிறது, நான் எங்கே பிடிக்கிறேன் என்பார்.

அவருக்கு ஆசை விரால் மேல். பெரிய விராலுக்கு உயிரோடு இருக்கிற தவளையை முள்ளில் மாட்ட வேண்டும், அதுதான் எங்கள் குளத்து வழக்கம். அவரும் ஒருநாள் ஒரு தவளையைப் பிடித்தார். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் முகத்தைப் பார்த்தார். பிறகு கரையோரம் கோரைக்குள் விட்டுவிட்டு, ‘போகட்டும், சின்னது’ என்றார். அது ஒரு கைப்பிடி அளவு இருந்தது.

தவளை போனது, மிச்சம் மண்புழு. அதற்கும் ஒரு கேடு வந்தது. அந்த வருஷத் தீபாவளிக்கு அவர் வீட்டில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். குளிர்ச்சியில் வைத்தால் புழு நாள்பட உயிரோடு இருக்கும் என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலி டப்பாவில் மண்ணும் புழுவும் போட்டு, தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். மூடியைச் சரியாக அழுத்தவில்லை. காலையில் மாவு எடுக்கப் போன அவர் மனைவி ரங்கநாயகி போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது, என் வீடு மூன்றாவது தெருவில். மாவுப் பாத்திரத்தின் மூடிமேல் இரண்டு புழு ஏறி நின்றிருந்ததாம். ரங்கநாயகி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

“இந்த ஊட்டுக்குள்ள ஒண்ணு புழு இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்.”

கோவிந்தராஜுலு யோசிக்கவே இல்லை, புழுவை விட்டுவிட்டார். நானாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அப்போதுதான் அவருக்கு ஊட்டிப் பக்கத்து எஸ்டேட் பங்களா ஞாபகத்துக்கு வந்தது. முன்பு அங்கே ஒரு பம்ப்செட் பார்க்கப் போயிருந்தார். பங்களாச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி முள், ஒவ்வொன்றிலும் கலர் கலராக இறகு கட்டி வைத்திருந்தார்களாம். துரைமார் காலத்தில் மலை ஓடையில் மீன் பிடிக்க வைத்திருந்தது, தண்ணீரில் பூச்சி மாதிரி நடிக்கும் என்று காவல்காரர் சொல்லியிருக்கிறார். காயில் கட்டுகிற கைக்கு இறகு கட்டத் தெரியாதா என்று இவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜை ஓரத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த, சாமானை இறுக்கிப் பிடிக்கிற சின்ன வைஸைப் பூட்டினார். அதில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, கறிக்கடையில் அள்ளிவந்த வெள்ளைக் கோழி இறகை வைத்து, மயிரிழை மாதிரி இருக்கும் செம்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றினார். சுற்று ஒன்றோடு ஒன்று ஒட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷம், மோட்டார் காயிலை முக்குகிற வார்னிஷில் அதை முழுசாக முக்கி, குண்டு பல்பு வெளிச்சத்தில் காயவைத்து எடுத்துவந்தார். இறகு ஆணி மாதிரி விறைத்துக்கொண்டது. குளத்தில் போட்டதும் ‘டுபுக்’ என்று நேராக அடிக்குப் போனது. இதற்குக் கரண்ட் கொடுத்தால் தண்ணீர் இறைக்கும், மீன் மட்டும் வராது என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்து கம்பியை விட்டுவிட்டு நூலுக்கு வந்தார். நூலில் வேறு வம்பு. கம்பியை முறுக்கிவிட்டால் நிற்கும், நூல் நிற்காது. கடைசிச் சுற்றில் கையை எடுத்ததும் எல்லாம் அவிழ்ந்து இறகு மேஜை முழுக்கப் பறக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த ரங்கநாயகி இதை எத்தனை நாள்தான் பார்ப்பார்? ஒருநாள் சோற்றில் இறகு விழுந்ததும் பூவைக் கீழே வைத்துவிட்டு முள்ளைத் தன் பக்கம் இழுத்தார். பூக்கட்டும்போது இரண்டு விரலில் நூலை வளைத்து, திருப்பிப் போட்டு, காம்பைச் சுருக்கி இழுப்பார்கள் இல்லையா, அதே வளையத்தை முள்ளின் கழுத்தில் இரண்டு தடவை போட்டு இழுத்தார். நூல் நின்றது. கோவிந்தராஜுலு பல்லால் கடித்துப் பார்த்தார், அப்போதும் நின்றது. இவ்வளவுதானே என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி மறுபடி மல்லிகைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாயங்காலம் இரண்டு பேரும் மேஜையின் இரு பக்கம் உட்கார்ந்து கட்டுவார்கள். அவர் முள்ளுக்கு இறகைச் சுற்றிக் கொடுக்க, ரங்கநாயகி முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். முடிச்சின் மேல் மட்டும் ஒரு சொட்டு வார்னிஷ். கண்ணுக்கு ஒரு பாசிமணி. ஆகாயத்தாமரையில் சிக்காமலிருக்க முள்முனைக்கு முன்னால் மெல்லிய கம்பியில் ஒரு வளைவு. செய்து முடித்ததைக் காய்வதற்காக ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். தெருவில் போகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, ஜிமிக்கி நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அதன் பெயர் ஜிமிக்கி முள் என்று ஆகிவிட்டது.

பெயர்தான் வந்தது, விரால் வரவில்லை. கறிக்கடைக் கோழியின் இறகு தண்ணீர் பட்டதும் நனைந்த துண்டு மாதிரி சுருண்டு ஒட்டிக்கொள்ளும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு வேண்டும், அதில்தான் எண்ணெய்ப் பசை இருக்கிறது, தண்ணீரில் விரிந்து விரிந்து மூடும் என்று அவராகவே கண்டுபிடித்தார். அப்படி ஒரு சேவல், அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சாந்தாமணியின் வீட்டில் நின்றது.

சாந்தாமணி எருமை இரண்டும் கோழி கொஞ்சமும் வைத்துப் பிழைக்கிற பெண். கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் நந்திதாவைச் சென்னிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு இரண்டு தடவை கரு நிற்காமல் போய், மூன்றாவதாக உண்டாகி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சாந்தாமணி அவளை மாடிப்படிகூட ஏற விடுவதில்லை. சேவலையும் அதே மாதிரிதான் வைத்திருந்தார், அடிக்க மாட்டார், விற்கவும் மாட்டார். செவலை நிறம், கழுத்தில் மட்டும் வெயில் பட்டால் பொன்னாக மாறும்.

கோவிந்தராஜுலு சுவரோரம் கம்புத் தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சேவல் ஏறிவந்து கையிலிருந்தே கொத்தும். அது கொத்துகிற நேரத்தில் கழுத்தைத் தடவிக்கொடுப்பார், தடவுகிற நேரத்தில் ஒரே ஒரு இறகு. பாவம், தடவி வலியை எடுத்துவிட்டுத்தான் புடுங்குவார். அந்த இறகில் கட்டிய முதல் ஜிமிக்கியை ஆகாயத்தாமரை இடைவெளியில் ஆட்டியபோது, தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு விரால் வந்து அடித்தது. எடுத்துக் கரையில் போட்டதும் அவர் அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

மாசி மாதம் நந்திதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருமகன் சென்னிமலையிலிருந்து தெருவுக்கே ஆளுக்கொரு பெட்ஷீட் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் சாந்தாமணி வாயைத் திறந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் குலசாமி கருப்பராயனுக்கு இந்தச் சேவலை அறுப்பதாக நேர்ந்து வைத்திருந்தாராம். வேண்டுதல் வெளியே தெரிந்தால் பலிக்காது என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை. சாமிக்குக் கொடுக்கிற சேவல் முழுசாக இருக்க வேண்டும், நகம், கொண்டை, இறகு எதிலும் ஊனம் ஆகாது. சொல்லிக்கொண்டே சேவலைத் தூக்கிவந்தவர், பிள்ளைப்பேற்று அலைச்சலில் கவனிக்காமல் விட்ட அதன் கழுத்தைப் பார்த்தார். நடுக்கழுத்து உரித்த கோழி மாதிரி இருந்தது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாள் குறித்தாகிவிட்டது, சேவலுக்குச் சீக்கு, சாமிக்கு என்ன கோபமோ என்று பதறினார். பதறியவர் ஓடிவந்து நின்ற இடம் கோவிந்தராஜுலுவின் வாசல். அண்ணா, இது என்னவென்று பாருங்கள் என்று சேவலை அவர் கையிலேயே கொடுத்தார். சேவலும் பழகிய கை என்று சுகமாக உட்கார்ந்துகொண்டது. அவர் கண்ணாடியை இறக்கி, தன் கைவேலையைத் தானே உற்றுப் பார்த்துவிட்டு, இது இறகு உதிர்க்கிற பருவம், சீக்கு இல்லை, கொஞ்சம் நாள் தள்ளிப் போட்டால் முளைத்துவிடும் என்றார். சொல்லும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. உள்ளே ஜன்னலில் அந்தக் கழுத்து இறகுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ரங்கநாயகி சத்தம் போடாமல் ஜன்னலைச் சாத்தினார்.

அதன் பிறகு அந்தச் சேவலுக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. கம்பு, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, வெங்காயத் தாள். காலையிலும் மாலையிலும் கோவிந்தராஜுலு அதன் கழுத்தில் விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார். அது அவர் மடியிலேயே கண்ணை மூடித் தூங்கும். வெயில் ஏறி வைகாசி வந்தபோது கழுத்து மறுபடி பொன்னாக நிறைந்துவிட்டது. சாந்தாமணிக்கு உயிர் திரும்பியது. பக்கத்து வீடுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் கிளம்பினார். நான் போனது கறிச்சோற்றுக்காக, அதையும் மறைக்கவில்லை.

கோயில் தாராபுரம் போகிற வழியில் ஒரு சோளக்காட்டு ஓரம். சேவல் வேறு யார் கைக்கும் அடங்காததால் கோவிந்தராஜுலுவே பிடித்துக்கொள்ளட்டும் என்று சாந்தாமணி சொல்லிவிட்டார். பூசாரி சேவலுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்தார். தண்ணீர் பட்டதும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் அறுப்பார்கள்.

சேவல் சிலுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் தெளித்தார். சிலுப்பவில்லை. ஒரு சொம்பையே ஊற்றினார். சேவல் நனைந்து சொட்டச் சொட்ட கோவிந்தராஜுலுவின் முழங்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. எண்ணெய்க் குளியல் என்று நினைத்ததோ என்னவோ.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். சாமி மனதில் ஏதோ குறை இருக்கிறது, குடும்பத்தில் யாராவது குற்றம் செய்திருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார். நந்திதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சாந்தாமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கருப்பராயனைப் பார்த்துத் தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மாமியாரோடு பேசாமல் இருந்தது, பாலில் எப்போதோ தண்ணீர் கலந்தது, புருஷன் சாகும் முன்னால் கேட்ட ஏதோ ஒன்றைச் செய்து தராதது. பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது, எல்லாம் என் தலைக்கே வரட்டும் என்று கும்பிட்டார். என் பசி எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் கோவிந்தராஜுலுவைப் பார்த்தேன். அவர் பேசாமல் நின்றிருந்தால் போதும். பூசாரி வேறு சேவல் வாங்கிவரச் சொல்லியிருப்பார், இந்தச் சேவல் அவர் மடியிலேயே வீடு திரும்பியிருக்கும். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது, கை சேவலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆனால் கீழே அழுகிற பெண்ணை அவரால் பார்க்க முடியவில்லை.

“அம்மணி, குத்தம் உங்களுதில்லீங்க. அதும் கழுத்து எறகு தானா உதுரலீங்க. நாந்தானுங்க மீன் முள்ளுக்குன்னு புடுங்கிப்போட்டேன். அப்பறம் மொளைக்கோணுமேன்னு தடவித் தடவி வளத்துனேன். அதுக்கு என்ற கை பழகிப்போச்சுங்க. நான் புடிச்சிருக்கற மட்டும் அது சிலுப்பாதுங்க.”

பூசாரி சேவலைக் கீழே விடச் சொன்னார். விட்டார். அது இரண்டடி நடந்து திரும்பிவந்து அவர் காலடியிலேயே நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லி பூசாரி கையைக் காட்டினார். கோவிந்தராஜுலு போய் வேனுக்குப் பின்னால் டயரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். சாந்தாமணி எழுந்து தன் கையாலேயே தண்ணீரை ஊற்றினார். சேவல் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பழகிய ஆளைக் காணோம் என்றதும் கொண்டையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பிள்ளையின் முகத்தில்கூட நாலு சொட்டுத் தெறித்தது.

அன்றைக்குக் கறிச்சோற்றைக் கோவிந்தராஜுலு தொடவில்லை. திரும்பும்போது சாந்தாமணி முன்சீட்டில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் திரும்பவே இல்லை. ரங்கநாயகி மட்டும் கணவரின் காதோரம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனாலும் எல்லாம் புரிந்தது.

வீடு திரும்பியதும் கோவிந்தராஜுலு வைஸைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்துவிட்டார். குளத்துக்கு வந்தார், ஆனால் வெறுங்கையோடு. ஒருநாள் நான் புழு டப்பாவை நீட்டியதும் மறுக்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டார். எங்கள் கட்சியில் ஆள் சேர்ந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

அடுத்த வாரம் சாந்தாமணி ஒரு பொட்டலத்தோடு அவர் வீட்டுப் படியேறினார். நானும் அங்கே இருந்தேன். பிரித்து மேஜைமேல் வைத்தார். மஞ்சள் தடவி நிழலில் உலர்த்திய கழுத்து இறகுகள், ஒன்று விடாமல்.

“உசுரு சாமிக்குன்னுதானுங்ணா நேந்தேன். எறகப் பத்தி நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. இந்தாங்க, இது உங்குளுது.”

கேட்டிருந்தால் உதிர்ந்ததைப் பொறுக்கிக் கொடுத்திருக்க மாட்டேனா, திருட்டுத்தனமாகப் புடுங்குவானேன் என்று கொஞ்சம் திட்டவும் செய்தார். திட்டி முடித்ததும், பிள்ளை பெற்ற உடம்பு தேற விரால் நல்லது, நந்திதாவுக்குப் பெரியதாக ஒன்று வேண்டும் என்றார். ரங்கநாயகி எழுந்துபோய் அலமாரிமேலிருந்து வைஸை எடுத்து மேஜையில் பூட்டினார்.

அந்த ஜிமிக்கியில் விழுந்த விரால் என் முழங்கை நீளம். தலையையும் வாலையும் தவிர மீதியெல்லாம் நந்திதாவுக்குப் போனது. தலை எனக்கு வந்தது. ஜிமிக்கியைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. ஆனால் புழுவையும் விடவில்லை, கட்சி மாறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுவருஷம் பிள்ளைக்குக் காது குத்தப்போவதாகச் சொல்லி, சாந்தாமணி ஒரே அடையில் பொரித்த இரண்டு சேவல்களை வளர்த்தார். ஒன்றின் காலில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் சுவரோரம் எங்களைக் கூப்பிட்டு, நூல் கட்டியது சாமிக்கு, கட்டாதது அண்ணனுக்கு என்றார். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நூல் கட்டியது சாம்பல் நிறத்தில் சாதாரணமாக நின்றது. கட்டாததன் கழுத்துதான் போன சேவல் மாதிரியே வெயிலில் பொன்னாக மின்னியது. நல்லதைச் சாமிக்கு வைக்காமல் மாற்றிக் கட்டிவிட்டீர்களே என்று கேட்டேன்.

“சாமிக்கு முழுசா இருந்தாப் போதுமுங்க. மீனுதானுங்களே நெறம் பாக்குது,” என்றார் சாந்தாமணி.

கோவிந்தராஜுலு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு மணிக் கம்புகூட இல்லாமலேயே சேவலைப் பார்த்துக் கையை நீட்டினார்.